இன்சூரன்ஸ் இருக்குத்தானே தம்பி

"விழுறப்ப கேமரா ஒங்க கையில இருந்திச்சா சேர்?"

ஆறு வாரம் போய், இன்று காலை காப்புறுதிக் கம்பனிக்காரர் கொழும்பிலிருந்து ஃபோன் எடுத்துக் கேட்ட கேள்வி இது. கையில் இருந்த கமரா எப்படி ஐயா விழும்? கையில் இல்லாதபடியால்தானே விழுந்தது! அப்படியே சொன்னேன். அந்தப் பக்கம் கீபோர்டில் ஏதோ தட்டுகிற சத்தம். பிறகு, "அப்ப கவனிப்பில்லாம விடப்பட்ட பொருள்னு வருது சேர். அது கவராகாது."

கவனிப்பில்லாமல் விட்டேனாம். சொந்தப் பிள்ளையைப் பாலர் பாடசாலையில் இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருகிறவன் நான். ட்ரைபொட்டில் நிற்கிற கமராவை மூன்று தரம் திரும்பிப் பார்க்காமல் ஒரு மிடறு தண்ணீர் குடித்ததில்லை. அன்றைக்கும் இரண்டு கை தூரத்தில்தான் நின்றேன், மற்றக் கமராவோடு.

கல்யாண வீட்டுக்குக் கமரா தூக்குகிற எல்லாருக்கும் ஒருநாள் இது நடந்திருக்கும். ஆள்தான் வேறு. உங்களுக்கு மாப்பிள்ளையின் சித்தப்பாவாக இருந்திருக்கும், எனக்கு வாய்த்தவர் பொம்பிளையின் தாய்மாமன். மட்டக்களப்பில், கல்லடிப் பக்கம் ஒரு மண்டபம். முகம் பார்க்கிற மாதிரி வழுவழுவென்று டைல்ஸ். ட்ரைபொட்டில் கமரா, அதில் 70-200 என்கிற நீள லென்ஸ், மணவறையைப் பார்த்து வீடியோ ஓடிக்கொண்டிருக்கிறது. லென்ஸ் மட்டும் ஒன்றரைக் கிலோ. அதனால் கமராவின் உடம்பைத் திருகாமல் லென்ஸைச் சுற்றியிருக்கிற காலர் வளையத்தைத்தான் ட்ரைபொட்டில் பூட்டியிருந்தேன். நடுத்தண்டை உயர்த்தவில்லை. மூன்று காலையும் அகட்டி வைத்திருந்தேன். நடுத்தண்டுக் கொக்கியில் கல்லடிக் கடற்கரை மணல் ஐந்து கிலோ, துணிப்பையில் கட்டித் தொங்கவிட்டிருந்தேன். இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன செய்யலாம்? நேர்த்தி வைக்கலாம், அது ஒன்றுதான் பாக்கி.

அந்த மணல் பை எங்கே போனது? பொம்பிளையின் சித்தி கழற்றிவிட்டார். "தாலி கட்டுற நேரம் மண் மூட்டையத் தொங்கவிட்டு என்ன கோலம் இது" என்று கொக்கியிலிருந்து கழற்றி, கதிரைக்குக் கீழே தள்ளி, அதன் மேல் தன்னுடைய ஹாண்ட்பாக்கையும் வைத்துவிட்டார். எனக்குச் சொல்லவில்லை. அழகுக்குக் குறை வரக்கூடாதல்லவா.

இனி மாமா. கமரா ஓடிக்கொண்டே விழுந்ததால் விழுந்த கதை முழுவதும் அதற்குள்ளேயே பதிவாகியிருக்கிறது. விநாடிக்கு 25 ஃபிரேம். இத்தனை நாளில் நாற்பது தரமாவது ஓட்டிப் பார்த்திருப்பேன். முதலில் படம் சுத்தம்: மாப்பிள்ளை கையில் தாலி, ஐயர் கையைத் தூக்கிக் கெட்டிமேளத்துக்குச் சைகை காட்டுகிறார். இடது ஓரத்தில் சந்தன நிறத்தில் ஒரு மங்கல். அது மாமாவின் பட்டுச் சட்டை. அவர் தன்னுடைய ஃபோனில் பொம்பிளை மாப்பிள்ளை இருவரையும் முழுசாகப் பிடிக்கப் பின்னால் வருகிறார். ஓரடி. இன்னும் ஓரடி. ஃபோனில் விரித்துப் பார்க்கிற வழி இருக்கிறது, அது அவருக்குத் தெரியாது. தெரிந்தது பின்னால் நடப்பது மட்டும். பின்பக்கம் கண் இல்லையென்றால் தலையையாவது திருப்பலாமே மாமா! நான் "மாமா, மாமா" என்று கூப்பிட்டதும் வீடியோவில் கேட்கிறது. கெட்டிமேளத்தில் யார் கேட்பது.

அவருடைய குதிக்கால் ட்ரைபொட்டின் இடது காலில் இடிக்கிறது. அங்கிருந்து நிலத்தைத் தொடும் வரை எண்ணினால் சரியாக 30 ஃபிரேம், ஒரு விநாடியும் கொஞ்சமும். அந்த 30 ஃபிரேமில் ஒரு கல்யாணமே சரிகிறது. முதலில் குத்துவிளக்கு சரிகிறது, பிறகு ஐயர், பிறகு மாப்பிள்ளை, பொம்பிளை, மணவறை, அதற்குக் கட்டிய சேலைத் தோரணம், எல்லாம் கடலில் வள்ளம் கவிழ்கிற மாதிரி இடப்பக்கம் போகிறது. இருபதாவது ஃபிரேமில் வலது ஓரத்தில் என்னுடைய கை வருகிறது. ஐந்து விரலும் விரிந்து, காற்றைப் பிடிக்கிற கை. பிறகு "டக்". அதற்குப் பிறகும் கமரா ஓடுகிறது, அதுதான் கொடுமை. நிலத்தில் படுத்தபடி, குறுக்கே, மாமாவின் இரண்டு காலுக்கும் நடுவில் தாலி கட்டி முடிகிறது. மேலேயிருந்து அறுகரிசி விழுகிறது. மாமாவின் குரல் தெளிவாகக் கேட்கிறது: "ஒண்டும் இல்ல, ஒண்டும் இல்ல." மனிதர் ஃபோனை இறக்கவேயில்லை. படம் எடுத்து முடித்துவிட்டுத்தான் குனிந்து பார்த்தார்.

பார்த்துவிட்டுச் சொன்னார், "இன்சூரன்ஸ் இருக்குத்தானே தம்பி?"

மாப்பிள்ளையின் தகப்பன் சொன்னார். பந்தியில் சாம்பார் ஊற்றின பையன் சொன்னான். வீட்டுக்கு வந்தால் அம்மாவும் சொன்னா. மறுநாள் மாமா ஃபோன் எடுத்தபோது, சரி, மனம் கேட்காமல் விசாரிக்கிறார் என்று நினைத்தேன். "தம்பி, அந்த வீடியோவில நான் வாற இடத்த வெட்டிப்போடுங்க, ஆக்கள் சிரிப்பாங்க" என்றார். சிரிப்பார்களாம்!

உடைந்தது என்ன என்று கேட்பீர்கள். முன் கண்ணாடி பிழைத்தது, லென்ஸ் முனையில் ஹூட் என்கிற பிளாஸ்டிக் வளையம் போட்டிருந்தபடியால். அடியை அந்தப் பிளாஸ்டிக் வாங்கிக்கொண்டு இரண்டாகப் பிளந்தது. லென்ஸ் வாங்கிய நாளில் கடைக்காரர் "பாதுகாப்பு" என்று தலையில் கட்டின யூவி ஃபில்டர் இன்னமும் அவருடைய கடை உறையிலேயே கிடக்கிறது. நல்லவேளை. விழுகிற வேகத்தில் அந்த மெல்லிய கண்ணாடி உடைந்து அதன் சில்லே லென்ஸைக் கீறிய கதை தொழிலில் உள்ளவர்களுக்குத் தெரியும். ஆனால் நீள லென்ஸ் முனை நிலத்தில் இடிக்கும்போது, பாரைக் கம்பியால் நெம்புகிற மாதிரி முழு விசையும் லென்ஸ் பூட்டுகிற வளையத்துக்குத்தான் போகும். வளையம் சாய்ந்துவிட்டது. உள்ளே ஒரு கண்ணாடி நடுவிலிருந்து விலகிவிட்டது. இப்போது எடுக்கிற எல்லாப் படத்திலும் வலப்பக்கம் மங்கல். வலப்பக்கம் நிற்கிற சொந்தக்காரர் எல்லாம் பேய் மாதிரி நிற்கிறார்கள்.

இதைப் பார்க்க மதிப்பீட்டாளர் ஒருவர் வந்தார். வாழ்நாள் முழுக்க வாகனம் பார்த்தவராம். லென்ஸை உருட்டிப் பார்த்து, வளையத்தை நகத்தால் சுண்டிவிட்டு, "இத டிங்கரிங் கடையில குடுத்துத் தட்டி நிமித்தேலாதா?" என்றார். ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு பிசகினாலே படம் போய்விடும் பொருள் அது. தட்டி நிமிர்த்த அது என்ன பஸ்ஸின் பின் பம்பரா?

அவர் நீட்டிய படிவமும் வாகன விபத்துப் படிவம்தான். சாரதி அனுமதிப்பத்திர இலக்கம். விபத்து நடந்த வீதி. விபத்தின்போது வேகம். எல்லாவற்றுக்கும் கோடு போட்டுக் கொடுத்தேன், திருப்பி அனுப்பினார்கள், கோடு போடக்கூடாதாம், நிரப்ப வேண்டுமாம். சரி என்று கணக்குப் பார்த்தேன். ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற பொருள் நிலத்தைத் தொடும்போது மணிக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். 20 என்று எழுதிக் கொடுத்தேன். மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொண்டார்கள்.

இப்போது பணக் கதைக்கு வாருங்கள். கவராகும் என்றே வைத்தாலும் கணக்கு இப்படித்தான். 2019இல் கமரா உடம்பும் லென்ஸும் சேர்த்து 6 லட்சத்துக்குக் காப்புறுதி செய்தேன். வருடம் 18,000 கட்டினேன், ஐந்து வருடமாக, ஒரு நாள் பிந்தாமல். இடையில் 2022 வந்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் சொச்சம் இருந்த டொலர் மே மாதம் 360ஐத் தொட்டது. அதே செட் இன்று வாங்கினால் 12 லட்சம். நான் தொகையைக் கூட்டவில்லை. கூட்ட வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை, கட்டணம் எடுக்க மட்டும் வருடா வருடம் ஃபோன் எடுத்தார்கள். இதற்கு அவர்களிடம் 'அவரேஜ்' என்று ஒரு வாசகம் இருக்கிறது. 12 லட்சப் பொருளை 6 லட்சத்துக்குக் காப்புறுதி செய்திருந்தால் மீதிப் பாதிக்கு நீயே காப்புறுதிக் கம்பனி என்று அர்த்தமாம். ஆகவே எந்தச் சேதம் வந்தாலும் பாதிதான். திருத்தக் கேட்ட காசு 1,80,000. பாதி 90,000. அதில் 'எக்சஸ்' என்று 25,000 என் தலையில். மிச்சம் 65,000. பாகங்கள் பழசாம், தேய்மானம் 30,000. மிச்சம் 35,000. நான் கட்டிய கட்டணமே 90,000! அந்த 35,000த்துக்கும் முதல் லென்ஸைக் கொழும்புக்குக் கொண்டுபோக வேண்டும், இங்கே திருத்த ஆளில்லை. 300 கிலோமீட்டருக்கு மேல், இரவு பஸ்ஸில், மடியில் வைத்துக்கொண்டு, முன் சீட்காரர் சீட்டைச் சாய்க்கும்போதெல்லாம் நெஞ்சு பதற.

இதெல்லாம் 14 பக்கப் பாலிசியில் இருக்கிறதாம். வாசித்திருக்க வேண்டுமாம். சின்ன எழுத்து ஆங்கிலம், அதை வாசிக்க எனக்கு மக்ரோ லென்ஸ் வேண்டும். இன்னொரு வரி அதில் மனதில் நிற்கிறது: பூஞ்சணம், துரு, "படிப்படியாக ஏற்படும் சேதம்" ஒன்றும் கவராகாது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் குடியிருக்கிற எங்களுக்கு வேறு என்ன சேதம் வரும்? மார்கழி மழைக்கு இரண்டு கிழமை பெட்டியைத் திறக்காவிட்டால் லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரிப் பூத்துவிடும். அரிசிப் பானைக்குள் வை என்று சொல்கிறவர்களோடு நான் இப்போது பேசுவதில்லை. அரிசித் தவிட்டை யார் துடைப்பது?

சரி, இன்று காலை ஃபோனுக்கு வருகிறேன். கவராகாது என்றவரிடம் அரை மணி நேரம் கத்தினேன். மணல் பை, சித்தி, குதிக்கால், 30 ஃபிரேம், எல்லாம் சொன்னேன். வீடியோ அனுப்பினேனே, பார்த்தீர்களா என்றேன். ஃபைல் திறபடவில்லை என்றார். காப்புறுதி முறைப்பாடு விசாரிக்கிற ஒம்புட்ஸ்மனுக்கு எழுதுவேன் என்றேன். தாராளமாக எழுதுங்க சேர் என்றார். தேன் மாதிரிக் குரல். கத்துகிறவனுக்குத் தொண்டை நோகும், கேட்கிறவருக்கு மாதச் சம்பளம்.

கடைசியில் மூச்சு வாங்க நிறுத்தினேன். அவரும் கொஞ்சம் சும்மா இருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சேர் மட்டக்களப்புதானே? அங்க மீன் பாடுமாமே, உண்மையா?" என்றார்.

என்ன சொல்ல? பௌர்ணமி இரவில் கல்லடிப் பழைய பாலத்தடியில் தோணியில் போய், துடுப்பைத் தண்ணீருக்குள் வைத்து மறுமுனையில் காதை வைத்தால் கேட்கும் என்பார்கள் என்றேன். எனக்கே ஆச்சரியம், ஏன் பதில் சொல்கிறேன் என்று.

"ஒரு ஃபோட்டோ எடுத்து அனுப்புங்களேன் சேர்."

பாட்டை ஃபோட்டோ எடுக்கிறதா!

"ஃபோட்டோவில பாட்டுக் கேக்காது சேர்" என்றேன்.

"அப்ப வீடியோ எடுங்க. கேமரா இருக்குத்தானே?"

ஃபோனை வைத்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினேன். மனைவி குசினியிலிருந்து கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனாள்.