டோனி செத்தானா? சுங்கை சிப்புட் ஒட்டுக்கடை வழக்கு

நேற்று காலை மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், ஒட்டுக்கடை என்கிற ரோட்டோரச் சாப்பாட்டுக் கடைக்குப் பசியாறப் போன இடத்தில் மச்சானும் நானும் கிட்டத்தட்ட சட்டையைப் பிடித்துக்கொண்டோம். நிலத் தகராறு இல்லை, கோயில் கணக்கும் இல்லை. நியூஜெர்சியில் ஒரு மாஃபியா தலைவன் வெங்காய வளையம் தின்றுகொண்டிருந்தபோது சுடப்பட்டானா இல்லையா என்பதுதான் வழக்கு.

‘தி சோப்ரானோஸ்’ தொடரைச் சொல்கிறேன். 1999-இல் தொடங்கி 2007 ஜூன் 10-ஆம் தேதி முடிந்தது. மொத்தம் 86 பாகம். அந்தக் காலத்தில் நான் பார்க்கவில்லை. இப்போதுதான் மகள் போட்டுக் கொடுத்தாள், இரண்டே மாதத்தில் முடித்துவிட்டேன். இத்தனை வருடம் கழித்தும் முடிவைச் சொல்லிக் கெடுத்தான் என்று யாராவது திட்டுவதாக இருந்தால், இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

கடைசிக் காட்சி இதுதான். ஹோல்ஸ்டன்ஸ் என்ற சாதாரணக் கடைக்கு அந்த மாஃபியா தலைவன் டோனி வந்து உட்காருகிறான். மேசையிலேயே ஜூக்பாக்ஸ், ஒரு பாட்டைத் தட்டிவிடுகிறான். கதவு திறந்தால் ஒரு மணி கிணுங்கும், உடனே நிமிர்வான். மனைவி கார்மெலா வருகிறாள். அப்புறம் மகன் வருகிறான், அவனுக்கு ஒரு அடி முன்னால் ஜாக்கெட் போட்ட ஓர் ஆள். அந்த ஆள் கவுண்டரில் உட்கார்ந்து இவர்கள் பக்கம் ஒரு பார்வை பார்க்கிறான், பிறகு எழுந்து கழிவறைக்குப் போகிறான். வெளியே மகள் மெடோ காரை ரோட்டோரம் நிறுத்த முடியாமல் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருக்கிறாள். ஒரு வழியாக நிறுத்திவிட்டு ஓடி வருகிறாள். மணி கிணுங்குகிறது. டோனி நிமிர்கிறான். திரை கறுப்பு. பாட்டும் பாதியில் அறுந்துவிடுகிறது. பத்து வினாடி ஒன்றுமே இல்லை. பிறகு பெயர்கள் ஓடுகின்றன, அதற்கும் இசை கிடையாது.

அன்றிரவு அமெரிக்காவில் பலர் கேபிள் போய்விட்டது என்று நினைத்துப் பதறினார்களாம். மழை தூறினாலே கூரை டிஷ்ஷில் படம் போய்விடும் ஊர்க்காரனுக்கு அது சிரிப்பாகத்தான் இருக்கிறது.

மச்சான் ‘டோனி செத்துவிட்டான்’ கட்சி. அவர் வாதத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கமெண்டில் வந்து நிற்பார். மணி அடிக்கும், டோனி நிமிர்வான், அடுத்தது அவன் கண்ணுக்குத் தெரிவதை நமக்குக் காட்டுவார்கள். காட்சி முழுக்க இதே வரிசைதான். கடைசி மணிக்கு அவன் கண்ணில் தெரிவது கறுப்பு என்றால் என்ன அர்த்தம்? அதோடு, சில பாகங்களுக்கு முன்பு ஏரியில் படகில் உட்கார்ந்து சாவைப் பற்றிப் பேசும்போது, டோனியின் அக்காள் கணவன் பாபி சொல்வான், அது நடக்கும்போது காதில் விழக்கூட விழாது என்று. கவுண்டரில் உட்கார்ந்த அந்த ஆள் போட்டிருப்பது ‘மெம்பர்ஸ் ஒன்லி’ என்ற பிராண்ட் ஜாக்கெட். ஆறாவது சீசனின் முதல் பாகத்துக்கும் அதேதான் பெயர், அதில்தான் டோனியை அவன் அப்பாவுடன் பிறந்த ஜூனியரே சுடுகிறார். “இதுக்கு மேல என்னா ஆதாரம் வேணும்? பிரேத அறிக்கையா?” என்றார் மச்சான்.

இந்தக் கடைசிப் பாகத்தை எழுதி இயக்கிய டேவிட் சேஸையே கேட்கலாமே என்றால், அந்த மனிதர் இன்னும் குழப்புகிறார். 2014-இல் அவர் டோனி சாகவில்லை என்று சொன்னதாக ஓர் இணைய இதழில் வந்தது. உடனே அவர் தரப்பிலிருந்து, அது தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது என்று அறிக்கை வந்தது. சரி, விடுங்கள்.

எனக்கு இந்தக் கறுப்பு பழைய பழக்கம். நான் பிறந்தது ரப்பர் தோட்டத்தில். ஜெனரேட்டர் இஞ்சின் கரண்ட்தான், இரவு பத்து மணிக்கு அணைத்துவிடுவார்கள். டிவி இருந்தது தோட்டத்துக் குமாஸ்தா கிராணியார் வீட்டில். தமிழ்ப் படம் என்றால் வரிசை வீடுகளில் இருந்த மொத்த லயமும் அவர் வாசலில்தான் கிடக்கும். படம் பத்தைத் தாண்டினால் கடைசிச் சண்டை எங்களுக்குக் கிடையாது. வில்லன் துப்பாக்கியைத் தூக்குவான், திரை நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி சுருங்கிச் சுருங்கி மறையும், அவ்வளவுதான். ஆனால் விடிகாலை பெரட்டில் பெயர் கூப்பிட்டு முடிவதற்குள் ஆளுக்கொரு முடிவு தயாராகியிருக்கும். பால் எடுக்க மரம் வெட்டப் போகும் ஆண்கள் ஒன்று சொல்வார்கள், வெளிக்காட்டு வேலைக்குப் போகும் பெண்கள் வேறொன்று. என் பாட்டி எல்லாரையும் பிழைக்க வைத்துவிடுவார். ஒரு தடவை வில்லனையும்.

ஆனால் ஒருவர்கூடக் கரண்ட் போனதால் கதாநாயகன் செத்தான் என்று சொன்னதில்லை. கரண்ட் போனது எங்களுக்குத்தானே. அவன் எங்கேயோ சண்டை போட்டுக்கொண்டுதான் இருப்பான். டோனியையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். அறுந்தது நம் பார்வை. அவன் அந்த மேசையில் இன்னும் உட்கார்ந்திருக்கிறான், மகளுக்கு இடம் விட்டு.

மச்சான் கோப்பியை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்: “உங்க தோட்டத்துல இஞ்சின அணைச்சவனுக்குக் கதை தெரியாது. இங்க அணைச்சவனே கதை எழுதுனவன் லா.”

அடி சரியான இடத்தில் விழுந்தது. இதை எழுதும்வரை என்னிடம் பதில் இல்லை.

பக்கத்து மேசையில் என் தோட்டத்துப் பள்ளிக் கூட்டாளி ஒருவன் ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். 2013-இல் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டதே, அதில் நம்பரால் அழைக்கப்படும் ஒரு கும்பலில் இளவயதில் இருந்தவன். எப்போதோ விட்டுவிட்டான், இப்போது லாரி ஓட்டுகிறான், பேரப்பிள்ளைகூட இருக்கிறது. ஆனாலும் கடைக்கு வந்தால் முதுகு சுவர்ப்பக்கம், முகம் ரோட்டுப்பக்கம். தொடரை அவன் பார்த்ததில்லை. கதையைச் சொல்லி, நீயே தீர்ப்பு சொல்லுடா என்றேன்.

“எந்தப் பக்கம் பாத்து ஒக்காந்திருந்தான்?”

“வாசலைப் பாத்துதான்.”

“பின்னால வேற கதவு இருந்துச்சா?”

மச்சான் என்னைப் பார்த்தார், நான் மச்சானைப் பார்த்தேன். அந்தக் காட்சியை ஆளுக்கு நான்கு தடவையாவது பார்த்திருப்போம். கழிவறை இருந்தது தெரியும். பின்கதவு?

“பொண்டாட்டி புள்ளைங்கள அங்க வரச் சொல்லிருக்கக் கூடாது” என்றான், ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே.

அப்போது கடை வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ரொட்டி கையிலேயே நிற்க, அவன் நிமிர்ந்தான். நாசி லெமாக் வாங்க வந்த பள்ளிக்கூடப் பையன்.

இன்றிரவு அந்தக் காட்சியை மறுபடியும் போட்டுப் பார்க்கப் போகிறேன், பின்கதவைத் தேடி.