இப்ப வருதா?

(மயிலாப்பூரில் ஒரு மொட்டை மாடி. மூலையில் துருப்பிடித்த கம்பம், உச்சியில் மீன் முள் மாதிரி ஆன்டெனா. தெருவில் மீன்பாடி வண்டி நிற்கிறது. வீட்டுக்கார சாரும் காயலான் கடைக்காரரும்.)

கடைக்காரர்: மேலே அலுமினியம், கீழே இரும்பு. மொத்தமாக 150 ரூபாய் தருகிறேன் சார்.

சார்: 150-ஆ! இதில் 1983 உலகக் கோப்பையே வந்ததப்பா.

கடைக்காரர்: கோப்பையையும் கொண்டு வாருங்கள். பித்தளை என்றால் நல்ல ரேட்டு.

சார்: வடக்கே திருப்பினால் சேப்பாக்கம் தூர்தர்ஷன் டவர், 1975 ஆகஸ்ட் 15-ல் ஆரம்பித்த நிலையம். தெற்கே திருப்பி, சிக்னலைக் கூட்டுகிற பூஸ்டர் போட்டால் இலங்கை டிவி ரூபவாஹினி. காற்றே இல்லாமல் புழுங்குகிற ராத்திரியில் இலங்கை பளிச்சென்று தெரியும். நல்லவேளை, பாஸ்போர்ட் கேட்கவில்லை.

கடைக்காரர்: திருப்புவது யார்?

சார்: நான்தான். மாடியில் நான், ஜன்னலில் அம்மா, டிவி முன்னால் அப்பா. "வருதா?" என்பேன். அப்பா சொல்லி, அம்மா அதை மேலே கத்துவதற்குள் நான் இன்னொரு சுற்று திருப்பியிருப்பேன். "வந்துச்சு, போயிடுச்சு!" வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் போட்டால் எனக்கு ஒலி மட்டும்தான். ஒளியெல்லாம் கீழே.

கடைக்காரர்: இப்ப ஏதாவது வருகிறதா?

சார்: பழைய அனலாக்கை நிறுத்திவிட்டார்களே. 2016-ல் 16 ஊர்களில் டிஜிட்டலாக விட்டார்கள், சென்னையும் அதில் உண்டு. அதைப் பிடிக்க டிவிபி-டி2 என்கிற டிஜிட்டல் ட்யூனர் தனிப் பெட்டியாகவோ டிவிக்குள்ளேயோ இருக்க வேண்டும். என் டிவிக்குள் பல்லிதான் இருக்கிறது.

கடைக்காரர்: அப்ப எதில் பார்க்கிறீர்கள்?

சார்: கேபிள். மாசம் 300 சொச்சம்.

கடைக்காரர்: எங்கள் வீட்டில் டிடி ஃப்ரீ டிஷ் சார். தட்டும் பெட்டியும் வாங்கியதோடு சரி, மாசக் காசு கிடையாது. அந்தத் தட்டும் எடைக்கு வந்ததுதான்.

சார்: (சற்று நேரம் பேசாமல்) அதைத் திருப்ப வேண்டாமா?

கடைக்காரர்: ஒரு தடவை சரியாக வைத்தால் அப்புறம் தொடவே வேண்டாம்.

சார்: பிறகு வீட்டில் ஒருத்தரோடு ஒருத்தர் எப்படிப் பேசிக்கொள்கிறீர்கள்?

கடைக்காரர்: (நிமிர்ந்து பார்த்து) மேலே காக்கா கூடு இருக்கிறது சார். அதிலும் நிறைய கம்பி. சேர்த்தால் 160.

சார்: அது காக்காவின் சொத்து. அதனோடு பேசிக்கொள்.

கடைக்காரர்: கடைசியாக 170. கழற்றட்டுமா?

சார்: சரி... ஐயோ, இரு! கம்பத்தில்தானே துணிக்கொடி கட்டியிருக்கிறது. புடவை காய்கிறது பார். கீழே போய் வீட்டம்மாவிடம் கேட்டு, எனக்குக் கேட்கிற மாதிரி சொல்லு.

(கடைக்காரர் இறங்கிப் போகிறார். சற்று நேரம் கழித்து, தெருவிலிருந்து:)

கடைக்காரர்: சார்ர்! அம்மா கூடாதுங்கறாங்க!

சார்: என்னது? சரியாகக் கேட்கவில்லை! (கம்பத்தை லேசாகத் தெற்கே திருப்பி) ம், இப்ப சொல்லு!