உமு சங்காரே யாரையும் புகழ்ந்து பாட வேண்டியிருக்கவில்லை

ஆப்பிரிக்க இசை என்று பேச்செடுத்தாலே எல்லாரும் தாளத்தைத்தான் புகழ்கிறார்கள். மாலி நாட்டுப் பாடகி உமு சங்காரே விஷயத்திலும் அதுதான் நடக்கிறது. கேட்டதும் ஆடத் தோன்றுகிறது, சரி. ஆனால் அவர் பாடுவது என்ன? ஒருவன் நான்கு பெண்களைக் கட்டிக்கொள்வதைப் பற்றி, பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்காமல் முடிக்கும் கல்யாணத்தைப் பற்றி, தன் ஆசையைத் தானே வாய்விட்டுச் சொல்கிற பெண்ணைப் பற்றி. இதையெல்லாம் விட்டுவிட்டுத் தாளத்தை மட்டும் கொண்டாடுவது எனக்குப் பெரிய மனக்குறை.

1968-ல் மாலியின் தலைநகர் பமாக்கோவில் பிறந்தவர். உமுவுக்கு இரண்டு வயது இருக்கும்போது அப்பா இன்னொரு மனைவியோடு குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். பாடகியான அம்மா பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியாக நின்றார். சிறுமி உமு தெருவில் தண்ணீர்ப் பொட்டலம் விற்றார், அம்மாவைப் போலவே கல்யாண வீடுகளிலும் பெயர்சூட்டும் வீடுகளிலும் பாடினார். பலதார மணத்தின் மேல் அவருக்குள்ள கோபம் அம்மா பட்ட பாட்டிலிருந்து வந்தது என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

அந்தக் கோபத்தை வெளிப்படையாகப் பாட எப்படி முடிந்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மாலியில் பாட்டு என்பது பெரும்பாலும் ஜெலி என்ற பரம்பரைப் பாணர்களின் தொழில். பெரிய குடும்பங்களின் வம்சப் பெருமையைப் பாடுவார்கள், அந்தக் குடும்பங்கள் அவர்களை ஆதரிக்கும். அருமையான கலை அது, குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் சோறு போடுகிற வீட்டுப் பெரியவரின் மூன்றாவது கல்யாணத்தைக் கண்டித்து அந்த வீட்டு முற்றத்திலேயே பாடுவது லேசான காரியமா?

உமு ஜெலி குடும்பத்தவர் அல்ல. அவருடைய வேர் தெற்கு மாலியில், கினி எல்லையை ஒட்டிய வாசுலு பகுதியில் இருக்கிறது. அங்கே குரல் உள்ள யாரும் பாடலாம், பிறப்பு தடையில்லை. பாடகர்களைப் பறவைகள் என்றே அழைக்கிறார்கள். இந்த இசையின் முக்கிய வாத்தியம் கமலே ங்கோனி: பெரிய சுரைக்குடுக்கையின் மேல் தோலை இழுத்துக் கட்டி, நீண்ட கழி செருகி, நரம்புகள் பூட்டிய யாழ். அதன் மூத்த வடிவம் வேட்டைக்காரர்களுடையது, அவர்களுடைய சடங்குகளில் மட்டும் ஒலித்த புனித வாத்தியம். 1950, 60-களில் ஊர் இளைஞர்கள் அதேபோல் ஒன்றைத் தங்களுக்கென்று செய்து, இரவு ஆட்டங்களில் வாசிக்க ஆரம்பித்தார்கள். பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். அப்புறம் பெண்களின் ஃப்லே. அரைச் சுரைக்குடுக்கையைச் சுற்றிச் சோழிகளைக் கோத்த வலை. அதைச் சுழற்றி மேலே வீசிப் பிடிக்கும்போது சலசலவென்று தாளம் விழும்.

ஆக, பெரியவர்களை மீறிப் பிறந்த வாத்தியமும் பெண்கள் கையில் இருந்த தாளமும் சேர்ந்ததுதான் உமுவின் மரபு. மரபிசைக்குள் பெண்ணுரிமையைத் திணித்தார் என்று சிலர் எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். அதற்கான இடம் அந்த மரபிலேயே இருந்தது. அதைக் கண்டுகொண்டதுதான் அவருடைய மேதைமை.

1989-ல், 21 வயதில், ஐவரி கோஸ்ட் நாட்டின் அபிஜான் நகரில் முதல் பாடல் தொகுப்பைப் பதிவு செய்தார். பெயர் 'மூசோலு', பெண்கள் என்று பொருள். மேற்கு ஆப்பிரிக்காவில் 2 லட்சம் கேசட்டுகளுக்கு மேல் விற்றது. பமாக்கோவில் எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணுக்கும் பம்பாரா மொழியில் அந்தப் பாட்டு புரிந்தது. அதில் காதலனின் தொடுகையில் உடம்பு சிலிர்ப்பதை ஒரு பெண் சொல்கிற 'ஜாராபி நெனே' பெரிய சலசலப்பைக் கிளப்பியது. 2019-ல் அதே பாட்டின் துண்டை அமெரிக்கப் பாடகி பியான்சே தன் பாட்டில் எடுத்தாண்டார். 1996-ல் வந்த தொகுப்பின் பெயர் 'வொரொதான்', பத்து கோலாக் கொட்டைகள். பெண் கேட்டுப் போகும்போது கொடுக்கிற சீர் அது. அந்தப் பத்துக் கொட்டைக்காக ஒருத்தி புகுந்த வீட்டில் வாழ்நாள் முழுக்க அடங்கிக் கிடக்க வேண்டுமா என்று கேட்கிற பாட்டு.

பாட்டுப் பாடி என்ன மாறிவிட்டது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். 2009-ல் மாலி நாடாளுமன்றம் பெண்களுக்குச் சாதகமான குடும்பச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. மத அமைப்புகள் பமாக்கோவில் பல்லாயிரம் பேரைத் திரட்டின, ஜனாதிபதி அதைத் திருப்பி அனுப்பினார். 2011-ல் வந்த திருத்தப்பட்ட சட்டம் மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்கிறது. பெண்ணின் திருமண வயது 16, ஆணுக்கு 18. 2018-ல் ஆப்பிரிக்க மனித உரிமை நீதிமன்றம் இந்தச் சட்டம் ஆப்பிரிக்க நாடுகளின் பெண்ணுரிமை ஒப்பந்தத்தை மீறுகிறது என்று தீர்ப்பளித்தது. உமு கடுமையாக எதிர்க்கிற பெண்ணுறுப்புச் சிதைப்புக்கு 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் சுமார் 89 சதவீதம் பேர் ஆளாகியிருப்பதாக அதே 2018-ன் கணக்கெடுப்பு சொல்கிறது.

இந்தப் பழியைப் பாடகியின் தலையில் கட்டுவது அநியாயம். சட்டத்தைத் தடுத்தவர்களிடமும் அவர்களுக்குப் பயந்து பின்வாங்கியவர்களிடமும் கேட்க வேண்டிய கேள்வி அது. உமு தன்னால் முடிந்ததைச் செய்துகொண்டே இருக்கிறார். பமாக்கோவில் வாசுலு பெயரில் ஓட்டல் நடத்தினார், தன் பெயர் சூட்டிய கார்களை இறக்குமதி செய்து விற்றார், விவசாயத்திலும் இறங்கினார். பாடகிக்கு வியாபாரம் எதற்கு என்று முணுமுணுப்பவர்கள், கணவன் கைவிட்ட பெண் கையில் காசில்லாமல் என்ன பாடுபடுவாள் என்பதை அவர் வீட்டிலேயே பார்த்து வளர்ந்தவர் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

புதிதாகக் கேட்பவர்கள் 2022-ல் வந்த 'திம்புக்து' தொகுப்பை அப்புறம் கேட்கலாம். முதலில் 'மூசோலு'வைக் கேளுங்கள். இணையத்தில் தேடினால் பாடல்களின் பொருள் கிடைக்கும், அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.