பொங்கலுக்கு ஊருக்குப் போங்கள்

டெல்லியில் சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டிருக்கும் நம்மவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறைதான் ஊருக்குப் போக முடியும் என்றால், அதை மே மாதத்தில் வைக்காதீர்கள். பொங்கலுக்குப் போங்கள்.

மே மாதம் ஏன் போகிறோம்? பள்ளிக்கூடம் அப்போதுதான் விடுகிறது, வேறு காரணமே இல்லை. இங்கே மே பாதியில் விட்டு ஜூலையில் திறக்கிறார்கள். ஊரிலோ ஏப்ரலில் விட்டு ஜூன் தொடக்கத்திலேயே பெரும்பாலும் திறந்துவிடுகிறார்கள். நாம் போய்ச் சேர்ந்து, பிள்ளைகள் கூச்சம் விட்டுப் பழகி, சேர்ந்து விளையாட ஆரம்பிக்கும்போது சித்தப்பா பிள்ளைகளுக்கு யூனிபார்ம் தைக்கிற வேலை வந்துவிடும். அப்புறம் ஜூன் முழுக்க நம் பிள்ளைகள் ஆச்சி வீட்டில் ஃபேனுக்கு அடியில் செல்போனும் கையுமாகக் கிடப்பார்கள்.

எங்களுக்குக் கும்பகோணம் பக்கம். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவார்கள். மே மாதம் மட்டும் ஊருக்குப் போகிற பிள்ளை காவிரியில் தண்ணீர் ஓடிப் பார்ப்பது எப்படி? ஆறு என்றால் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிற மணல்திட்டு என்றுதான் என் மகன் நினைத்திருந்தான். தை மாதம் கூட்டிப்போனபோது அதே இடத்தில் தண்ணீர். வயலில் சம்பா அறுவடை. அவன் தாத்தா ஒரு கதிரை உருவிக் கையில் கொடுத்தார். நகத்தால் ஒரு நெல்லை உரித்தான், உள்ளே அரிசி. நாம் சாப்பிடுகிற அரிசியா என்று கேட்டான். ஆமாம் என்றதும் திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக உரிக்க ஆரம்பித்தவன், சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்து வரவில்லை. மறுநாள் மாட்டுக் கொம்புக்குப் பெயின்ட் அடிக்கும்போது டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றவனும் அவன்தான். அக்னி நட்சத்திர வெயிலில் இதில் எதைக் காட்ட முடியும்?

நுங்கும் மாம்பழமும் தையில் கிடைக்காது, உண்மைதான். வைகாசிக் கல்யாணங்களும் தவறிப்போகும். ஆனால் ஜனவரி டெல்லி எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். பனிமூட்டம், புகை, ராத்திரி முழுக்க இருமல். அரசுப் பள்ளிகளுக்கு வழக்கமாக 15ஆம் தேதி வரை குளிர் விடுமுறை, குளிர் கூடினால் சின்ன வகுப்புகளுக்கு நீட்டிப்பதும் உண்டு. தனியார் பள்ளி முன்னாலேயே திறந்தாலும், ரெண்டாம் கிளாஸ் பிள்ளை ஒரு வாரம் போகாவிட்டால் குடி ஒன்றும் முழுகிவிடாது. ஒன்பதாம் வகுப்புக்கு மேல் இது நடக்காது. அதனால்தான் சின்ன வயசிலேயே கூட்டிப்போகச் சொல்கிறேன். பெரியவர்களுக்கு லீவுதான் கஷ்டம். மத்திய அரசு வேலையில் இருப்பவர்களுக்கு இங்கே பொங்கல் ஆர்.எச்.தான், அதாவது வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளும் விருப்ப விடுமுறை, முன்னும் பின்னும் சொந்த லீவைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ரயிலில் போவதைத்தான் நான் விரும்புவேன். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் குல்லா, ஸ்வெட்டர், உள்ளே தெர்மல் எல்லாம் போட்டு ஏற்றுவோம். நாக்பூர் தாண்டினால் குல்லா கழன்றுவிடும். விஜயவாடாவில் ஸ்வெட்டர் பைக்குள் போய்விடும். சென்னையில் விடிகாலை இறங்கும்போது பிள்ளை வெறும் டி ஷர்ட்டில் நிற்கும். இந்த நாடு எவ்வளவு பெரியது என்று அது உடம்பாலேயே தெரிந்துகொள்ளும். பனியால் வண்டி பல மணி நேரம் லேட்டாகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கே எழும்பூரில் அடுத்த வண்டி பிடிப்பதாக இருந்தால், அது ராத்திரி வண்டியாக இருக்கட்டும்.

ஐந்து வயசு ஆகிவிட்டால் அரை டிக்கெட்டுக்கு ஆசைப்படாதீர்கள். அதில் பெர்த் கிடையாது. 2016இலிருந்து பெர்த் வேண்டும் என்றால் பிள்ளைக்கும் முழுக் கட்டணம்தான். ரெண்டு ராத்திரி, கம்பளியோடு ஒரே பெர்த்தில் ரெண்டு பேர் படுக்க முடியாது.

முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது. ஜனவரி 9 கிளம்ப வேண்டும் என்றால் நவம்பர் 10 காலை எட்டு மணிக்கு உட்கார வேண்டும். தீபாவளிக் களைப்பில் அந்தத் தேதியை விட்டுவிட்டால் வெயிட்டிங் லிஸ்ட்தான். நாங்கள் குறித்து வைத்துவிட்டோம். ஆர்.கே.புரம் பக்கத்திலிருந்து யாராவது கிளம்பினால் சொல்லுங்கள், ஒரே பெட்டியில் போட்டுக்கொள்ளலாம், பிள்ளைகளுக்கும் விளையாட ஆள் கிடைக்கும்.