பாட்டோடு ரேடியோ இரைச்சலும் சேர்ந்துதான் நினைவில் நிற்கிறது

பதின்ம வயதிலும் இருபதுகளிலும் கேட்ட பாட்டுதான் கடைசிவரை ஒட்டிக்கொள்ளும் என்று, பாட்டும் நினைவும் பற்றிப் படித்த ஒரு கட்டுரையில் சொல்லியிருப்பது சரி. ஆனால் ராமேஸ்வரம் தீவில், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் எங்களுக்குப் பாட்டைத் தேர்ந்தெடுத்துத் தந்தது இலங்கை வானொலி. மத்திய அலை (மீடியம் வேவ்) ஒலிபரப்பு உப்புத்தண்ணீர் மேல் வெகுதூரம் போகும். அதனால் திருச்சி வானொலியைவிடக் கொழும்புதான் எங்களுக்குத் தெளிவு. பெரியப்பா கிழிந்த வலையைத் தைக்க உட்கார்ந்தால் டிரான்சிஸ்டரைப் பாலித்தீன் பையில் போட்டுக் கம்பில் தொங்கவிடுவார். காலையில் ‘பொங்கும் பூம்புனல்’ பாட்டு நிகழ்ச்சி. பேட்டரிக் கட்டை தீரப்போனால் பாடுகிறவர் குரல் கம்மும். கட்டைகளைக் கழற்றி வெயிலில் காயவைத்து மறுபடி போடுவார், இரண்டு பாட்டுக்குத் தாங்கும். அதே பாட்டை இன்று யூடியூபில் கேட்டால் என்னவோ குறைகிறது. கரகரப்பு இல்லாததுதான் காரணம் என்பது என் கட்சி.

மனம் சோர்ந்தால் உடனே துள்ளல் பாட்டு போடுங்கள் என்று அதே கட்டுரை சொல்லும் யோசனைதான் ஒத்துவரவில்லை. நொந்து கிடப்பவன் காதில் குத்துப்பாட்டு விழுந்தால் எரிச்சல்தான் மிச்சம். முதலில் சோகமாக ஒன்று ஓடட்டும், அப்புறம் மெல்ல மேலே ஏறலாம்.

இன்னொன்று, உயிரான பாட்டை ரிங்டோனாக வைக்காதீர்கள். பழைய நினைவின் மேல் புதுசு ஏறி உட்கார்ந்துவிடும். என் மச்சான் தன் கல்யாண வீட்டில் ஓடிய பாட்டை அப்படி வைத்தார். இப்போது அது எங்கே ஒலித்தாலும் கடன்காரர் போன் என்று சட்டைப்பையைத் தடவுகிறார்.