சுவரிலிருந்து இறக்கிய படம்

முந்தாநாள் நம் ஊர் போட்டோ கண்காட்சியில் நடந்தது உங்களுக்கெல்லாம் தெரியும், நீட்டி விவரிக்கப் போவதில்லை. ஒரு பையன் எடுத்தது; தேர்வாகி, சட்டம் போட்டு, சுவரில் மாட்டிய படம். "எந்த கேமரா தம்பி?" என்று நடத்துகிறவர்கள் கேட்டார்கள். "போன் சார்" என்றான். இறக்கிவிட்டார்கள். இடைப்பட்ட நேரத்தில் படம் ஒன்றும் மாறிவிடவில்லை.

தூத்துக்குடி உப்பளம், காலை ஆறரை மணி வெயில். வரப்பில் தலைச்சுமையோடு ஓர் அக்கா போகிறார். முகம் தெரியாது. உப்பு பூத்த பாத்தியின் மேல் அவர் நிழல் அடுத்த வரப்பு வரை நீள்கிறது. அவ்வளவுதான் படம்.

உப்பளத்தில் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அத்தனை வெள்ளையைப் பார்த்ததும் தானியங்கி முறையில் கேமரா குழம்பி, உப்பை அழுக்குச் சாம்பலாக்கிவிடும். போனானாலும் லட்ச ரூபாய் கேமராவானாலும் இதே கதைதான். இவன் திரையில் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தை லாக் செய்து, வெளிச்சத்தைக் கூட்டும் அந்தச் சூரியக் குறியைக் கொஞ்சம் மேலே தள்ளியிருக்கிறான். உப்புக்காற்றில் மங்கிய லென்ஸைச் சட்டை நுனியால் துடைத்திருக்கிறான். ஜூமை இழுக்காமல் நடந்து போய்ப் பக்கத்தில் நின்றிருக்கிறான். இதெல்லாம் போன் தானாகச் செய்ததா?

"எல்லாம் சாஃப்ட்வேர் வேலைதானே" என்பீர்கள். ஆமாம், நாலைந்து படங்களை ஒன்றாகச் சேர்க்கிறது. நீங்கள் ராத்திரி முழுக்க உட்கார்ந்து லைட்ரூம் மென்பொருளில் வானத்துக்கு நீலம் அடிப்பது மட்டும் தவமோ?

"பிரிண்ட் போட்டால் உடையும்." 12 மெகாபிக்சல் என்றால் 4000க்கு 3000 புள்ளி. 18 அங்குல அகலத்துக்குப் போட்டாலும் அங்குலத்துக்கு 220 புள்ளிக்கு மேல் நிற்கும். சுவரில் தொங்கியபோது யாருக்கும் உடைந்து தெரியவில்லையே!

"தூரத்துப் பூநாரையைப் போனில் எடுத்துவிடுவாயா?" முடியாது. ஒப்புக்கொள்கிறேன். அவன் பூநாரையை எடுக்கவில்லை.

2012இல் அமெரிக்காவைத் தாக்கிய சாண்டி புயலின்போது டைம் இதழின் அட்டையில் வந்த அலை, பென் லோவி என்ற பத்திரிகைப் புகைப்படக்காரர் ஐபோனில் எடுத்தது. டைமுக்குப் போதுமானது நம் ஊர் மண்டபத்துச் சுவருக்குப் போதவில்லை.

எங்கள் வீட்டில் அக்ஃபா கிளிக் 3 இருந்தது. 120 ஃபிலிம் போடுகிற எளிய பழைய கேமரா, ஒரு ரோலுக்கு 12 படம். தாத்தாவின் ஒரே நல்ல படம் அதில் எடுத்ததுதான். திண்ணையில் வெற்றிலைப் பெட்டியைத் திறந்துகொண்டு, அப்பா எடுப்பதையே கவனிக்காமல் இருப்பார். வீட்டுக்கு வருகிறவர்கள் "அப்படியே இருக்காரே" என்பார்கள். எந்த கேமரா என்று இன்றுவரை ஒருவரும் கேட்டதில்லை.

என்னைக் கேட்டிருக்கிறார்கள். கேட்டால்கூடப் பரவாயில்லை. கூட்டமாக நடந்தபடி படமெடுக்கும் ஒரு போட்டோ வாக்கில் நான் போனைத் தூக்கிப் பிடித்து நிற்கிறேன், பின்னாலிருந்து ஒரு குரல்: "மேடம், கொஞ்சம் தள்ளிக்கோங்க, நாங்க போட்டோ எடுக்கணும்." அப்போ நான் என்ன, கோலமா போட்டுக்கொண்டிருந்தேன்? சிரித்துக்கொண்டே தள்ளி நின்றேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எரிகிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அதே ஆட்கள் உச்சி வெயிலில் உப்பளத்துக்குக் கூட்டமாக வருவார்கள். சுமையோடு போகிறவரை நிறுத்தி, "அக்கா, மறுபடி ஒருதடவை நடங்க", "சிரிக்காம நடங்க" என்பார்கள். அந்த அக்காவுக்கு மூட்டைக் கணக்கில் கூலி. நீங்கள் கேட்கிற ஒவ்வொரு நடையும் அவருக்கு நஷ்டம். இந்தப் பையன் அவரை நிறுத்தவே இல்லை.

கண்காட்சி விதிமுறையில் கேமரா பற்றி ஒரு வார்த்தை கிடையாது. நானே இரண்டு முறை படித்துவிட்டேன். போன் கூடாது என்றால் அடுத்த வருடம் தைரியமாக எழுதிப் போடுங்கள், யாரும் வர மாட்டோம். இந்த வருடத்துக்கு, அவன் கட்டிய நுழைவுக் கட்டணம் 300 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள். அதுவும் போனில்தான் வந்தது. வாங்கும்போது எந்த போன் என்று யாரும் கேட்கவில்லை.