பொங்கல் பத்தியச் சாப்பாடு அல்ல

இனி எவராவது என் டப்பாவை எட்டிப் பார்த்து "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டால், உண்மையிலேயே ஒருவருடைய உடம்புக்கு ஏதாவது ஆகிவிடும், அது எனக்கா, கேட்டவருக்கா என்பதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

இன்று விடியற்காலை ஐந்து மணிக்கு, டெல்லிக் குளிரில் பல் கிட்ட, பாசிப்பருப்பை வாசம் வர வறுத்து, அரிசியோடு குழைய வேகவைத்து, மிளகையும் சீரகத்தையும் இஞ்சியையும் கறிவேப்பிலையையும் முந்திரியையும் நெய்யில் தாளித்துக் கொட்டி, அந்த வெண்பொங்கலை மயூர் விஹாரிலிருந்து மெட்ரோ நெரிசலில் மடியில் குழந்தையைப் போல் காத்து அலுவலகம் கொண்டு சேர்த்தேன். மூடியைத்தான் திறந்தேன். "அடடா, கிச்சடியா! தபியத் டீக் நஹி?" என்றார் பக்கத்து மேசைக்காரர். அரிசியும் பருப்பும் குழைய வெந்தால் இங்கே அதன் பெயர் கிச்சடி, அது நோயாளிக்கான பத்தியச் சாப்பாடு.

நன்றாகத்தான் இருக்கிறேன் என்றேன். "வயிறா?" என்றார். வயிறும் நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். "ராத்திரி வெளியில் சாப்பிட்டீர்களா?" என்றார். எதிர் மேசை அம்மையார் கேட்காமலேயே ஓஆர்எஸ் பொட்டலம் ஒன்றை என் பக்கம் நகர்த்தினார். அந்த வழியே போன மேலாளர், "இன்று விடுப்பு எடுத்திருக்கலாமே" என்று பரிவோடு சொன்னார். போன மாதம் 102 டிகிரி காய்ச்சலில் நான் விடுப்புக் கேட்டபோது மறுத்த அதே வாய்தான் அது.

இது கிச்சடி அல்ல, எங்கள் ஊரில் கிச்சடி என்றால் ரவையில் செய்வது என்று நான் விளக்கப் புகுந்தது என் வாழ்நாள் தவறு. "சூஜியிலா? அது ஹல்வா அல்லவா?" என்று அவர் கேட்டதோடு என் வழக்கு தோற்றது.

சரி, கிச்சடி என்றே வைத்துக்கொள்வோம். 14ஆம் நூற்றாண்டில் முகம்மது பின் துக்ளக் ஆட்சியில் இதே டெல்லியில் காஜியாக, அதாவது நீதிபதியாக, இருந்த மொராக்கோ பயணி இபின் பதூதா, இந்நாட்டவர் பாசிப்பயறும் அரிசியும் சேர்த்து வேகவைத்து நெய்யோடு தினமும் காலையில் உண்கிறார்கள், அதன் பெயர் கிஷ்ரி என்று எழுதிவைத்திருக்கிறார். தினமும் வயிற்றுப்போக்கு என்று அவர் எழுதவில்லை. 2017 நவம்பரில் இந்தியா கேட் புல்வெளியில் 918 கிலோ கிச்சடி கிண்டிக் கின்னஸ் சாதனை படைத்தார்களே, அன்றைக்குத் தலைநகரமே படுத்த படுக்கையாகவா கிடந்தது?

காலை ஒன்பது மணிக்கு, மைதா மாவைப் பூசணிக்காய் அளவுக்கு உப்பப் பொரித்த பட்டூரா இரண்டை சோலேயோடு உள்ளே தள்ளி, மேலே ஜிலேபியையும் அனுப்பிவிட்டு, பத்தரைக்கு நாற்காலியில் மலைப்பாம்பு போல் சரிகிற மனிதர் என் வயிற்றைப் பற்றிக் கவலைப்படுகிறார்! (சோலே பட்டூரா எனக்கும் பிடிக்கும். அதை இன்று ஒப்புக்கொள்வதாக இல்லை.) பொங்கல் சாப்பிட்டால் தூக்கம் வரும் என்பது வேறு கதை, அதை எங்களுக்குள் பேசிக்கொள்வோம், வெளியார் முன்னிலையில் அல்ல.

இத்தனையையும் அரைகுறை இந்தியில் நான் வாதாடி முடிப்பதற்குள் நெய் மெழுகாய் உறைந்து, பொங்கல் கொத்தனார் கலவைபோல் இறுகி, கரண்டி நட்டபடி நின்றது. மைக்ரோவேவ் முன்னால் ஆறு பேர் வரிசை. இரண்டு வாய் தின்றுவிட்டு மூடியைச் சாத்தினேன். பக்கத்து மேசைக்காரர் எதிர் மேசை அம்மையாரைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் சொன்னார்: "பார்த்தீர்களா, சாப்பிடக்கூட முடியவில்லை, பாவம்."